சாய்த்தாலும் எழும் முட்டைக் குஞ்சு: ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு செய்தது

முட்டை ஓட்டுக்குச் சாயம் ஏற்றி, உள்ளே அடியில் கனம் வைத்து, தட்டிவிட்டால் ஆடி ஆடித் தானே நிமிரும் கோழிக்குஞ்சு. தஞ்சாவூர் ராஜா-ராணி பொம்மை ஆடுகிற அதே ஆட்டம்தான். 2026 ஈஸ்டர் ஏப்ரல் 5இல் வந்ததால், மார்ச் 21 சனிக்கிழமை தொடங்கி குருத்தோலை ஞாயிறு தாண்டிப் புனித வாரம் வரை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் 16 பேரோடு செய்த வேலை இது. வயது 6 முதல் 12 வரை. முட்டை ஒரு அட்டை, அதாவது 30. கடைசியில் தேறியவை 19. மீதி 11 எங்கே போயின என்பதுதான் இந்தப் பதிவில் பாதி.

வெள்ளை ஓட்டு முட்டைதான் வேண்டும். நாமக்கல்லிலிருந்து வருகிற சாதாரண பண்ணை முட்டை போதும். நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு ஓட்டில் மஞ்சள் ஏறினது தெரியாது, அளவும் சிறியது. அட்டையில் இருந்தவை ஏறக்குறைய 5.5 செ.மீ. உயரம், 4.3 செ.மீ. அகலம். வெறும் ஓடு ஒவ்வொன்றும் 5 முதல் 6 கிராம் நின்றது. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

முதல் தவறு வரிசையில். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுச் சாயம் போடலாம் என்று 6 முட்டைகளைக் காலி செய்தோம். காலி ஓடு சாயத்தில் மிதக்கிறது. மேல் பாதி வெள்ளையாகவே நிற்கும். ஓட்டை வழியாகச் சாயத்தை ஊற்றி மூழ்க வைத்தால் அது சரியாகிவிடும். ஆனால் ஓட்டின் மேல் இலை வடிவம் பதிக்கத் துணி சுற்றி இறுக்கும்போது காலி ஓடு தாங்கவில்லை. 6இல் 4 பிள்ளைகளின் கைக்குள்ளேயே நொறுங்கின. உள்ளே கருவோடு இருக்கும் பச்சை முட்டை இறுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே முதலில் சாயம், பிறகு காலி செய்வது. வேகவைத்தே சாயம் போடும் வழக்கமான முறை இந்தப் பொம்மைக்கு உதவாது. வெந்த முட்டையை ஓட்டை வழியாக எடுக்க முடியாதே. எனவே ஆறிய சாயத்தில் இரவு முழுக்க ஊறல்.

சாயத்துக்கு: பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல் 40 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். பார்க்க இது ஒரு பெரிய பை நிறைய இருக்கும். மெஸ், பிரியாணிக் கடை எங்கே கேட்டாலும் சும்மா கொடுப்பார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழுக்க ஆறிய பிறகு லிட்டருக்கு 30 மி.லி. வெள்ளை வினிகர். இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தால் சாயம் பாசியும் கறுப்புமாகத் திரியும், அது வேண்டாம். குஞ்சுக்கு மஞ்சள் நிறம் வேண்டியவர்களுக்குத் தனியாக 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி மஞ்சள்தூள், 15 நிமிடக் கொதி, ஆறியதும் அதே அளவு வினிகர். பீட்ரூட்டை யாராவது கேட்பார்கள். பாத்திரத்தில் கண்ணைப் பறிக்கும், ஓட்டில் காய்ந்தால் அழுக்கு ரோஸ்தான் மிஞ்சும். விட்டுவிடலாம்.

முட்டையைச் சாயத்தில் போடுமுன் வினிகர் நனைத்த துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பெருவிரல் ரேகை அப்படியே வெள்ளையாக நிற்கும்.

இலைப் பதிவு வெங்காயச் சாயத்தில்தான் எடுப்பாக வருகிறது. செங்கல் நிறத்தின் நடுவே இலை மட்டும் வெள்ளை. கொத்தமல்லி, புளிய இலை, தொட்டாற்சிணுங்கி மூன்றும் நன்றாக வந்தன. முருங்கை இலை தனித்தனியாக உதிர்ந்து போகிறது. கறிவேப்பிலை தடிப்பு, ஓட்டின் வளைவோடு படியாமல் விளிம்பில் தூக்கிக்கொள்ளும், அந்த இடுக்கில் சாயம் புகுந்துவிடும். இலையைத் தண்ணீரில் நனைத்து ஓட்டில் ஒட்டி, நரம்புப் பக்கம் ஓட்டைப் பார்த்து இருக்கும்படி விரலால் நீவி, மேலே சாக்ஸ் மாட்ட வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் போடுவார்களே தோல் நிற மெல்லிய நைலான் சாக்ஸ், அதுதான் இதற்கென்றே செய்தது போல. ஒரு சாக்ஸில் இரண்டு முட்டைக்குத் துண்டு கிடைக்கும். முட்டையை உள்ளே விட்டு, பின்பக்கம் முறுக்கி நூலால் கட்டினால் போதும். இலை நகர்ந்தால் துணி இறுகவில்லை என்று பொருள். மல் துணியில் கட்டியவை எல்லாம் கசங்கலின் கோடுகளோடுதான் வந்தன. கட்டும்போது பச்சை முட்டை ஒன்று விரிசல் விட்டது.

பெரிய பிள்ளைகள் சிலர், வினிகர் கூடினால் நிறம் கூடும் என்று நினைத்து அரை லிட்டர் வெங்காயச் சாயத்தில் 75 மி.லி. ஊற்றி 4 முட்டைகளைப் போட்டிருந்தார்கள். ஃபிரிட்ஜில் வைக்கும்போதே ஓடு முழுக்கக் குமிழி. காலையில் துடைத்ததும் சாயம் சுண்ணாம்பு போலப் பொடியாகக் கையோடு வந்துவிட்டது. வினிகர் முட்டை ஓட்டையே கரைக்கிறது; கரைந்த மேற்பரப்பு சாயத்தையும் சேர்த்து உதிர்த்துவிடும். நிறம் போனது பெரிய இழப்பில்லை. அந்த ஓடுகள் மெலிந்துபோய், அடுத்த கட்டத்தில் துளையிடும்போது உடைந்த 3இல் 2 இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

காலி செய்வது ஞாயிறு பூசை முடிந்து. கூர்மையான முனையில்தான் ஓட்டை. உருண்டையான முனை அடியாக நிற்க வேண்டும், அதில் ஊசி முனை கூடப் படக்கூடாது. கூர்முனையில் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டி, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் ஊசியால் நடுவில் குத்தி, சின்ன இடுக்கியால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து 10 மி.மீ. வரை அகலப்படுத்த வேண்டும். டேப் இல்லாமல் குத்தினால் விரிசல் பாதி முட்டை வரை ஓடும். ஓட்டைக்குள் ஈர்க்குச்சியை விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டு, கிண்ணத்தின் மேல் கவிழ்த்து உலுக்கினால் கொழகொழவென்று வந்துவிடும். வாயால் ஊதுவது வேண்டவே வேண்டாம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். வந்த முட்டைக் கலவையை வடிகட்டி ஓட்டுத் துணுக்குகளை நீக்கி அப்போதே பொடிமாஸ் போட்டுவிட வேண்டும். மார்ச் மாத வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் ஒருசந்தி (நோன்பு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) என்று சில வீடுகளில் முட்டையும் தொடமாட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உட்புறத்தைக் கழுவ ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு. சோப்புத் தண்ணீரை உள்ளே பீய்ச்சி, உலுக்கி, கொட்டி, மூன்று முறை. மஞ்சள் முட்டைகளில் இங்கேதான் வேடிக்கை. வழிந்த சோப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஆரத்தித் தட்டு போலச் சிவந்து கோடு கோடாக இறங்கியது. மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்வதை இங்கே சோப்பு செய்தது. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு நனைத்த பஞ்சால் ஒற்றினால் மஞ்சள் திரும்பிவிடும். தேய்க்கக்கூடாது. ஒரு சிறுமி மட்டும் தன் முட்டையின் சிவப்புக் கோட்டை அப்படியே விடச் சொல்லிவிட்டாள்.

கழுவிய ஓடுகளை முட்டை அட்டையிலேயே கவிழ்த்து வெயிலில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் எறும்பு. உள் சவ்வில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கரு போதும் அதற்கு. அட்டையை ஒரு தாம்பாளத் தண்ணீரின் நடுவே ஸ்டூல் போட்டு வைத்து அந்தப் பிரச்சினை தீர்ந்தது. குறைந்தது இரண்டு நாள் காய வேண்டும். அந்த ஈரம் பின்னால் எப்படிக் காலை வாரும் என்பதைக் கீழே பாருங்கள்.

இனி கனம். தஞ்சாவூர் பொம்மையில் களிமண் என்பதால் முதலில் களிமண். திறந்த கிண்ணம் போன்ற அடியில் மண்ணை அழுத்திக் காயவிட்டு, பிறகு மேல்பாகத்தைப் பொருத்தும் பொம்மைக்கு அது சரி. 10 மி.மீ. ஓட்டையுள்ள ஓட்டுக்குள் மண் காய்வதே இல்லை. நான்காம் நாள் வாடை வந்தது, அந்த முட்டை குப்பைக்கு. அடுத்து வெள்ளைப் பசையில் சைக்கிள் சக்கரத்து இரும்புக் குண்டுகளைப் புதைத்துப் பார்த்தோம். பசை இறுகக் காற்று வேண்டும்; 5 நாள் கழித்தும் உள்ளே பால் போலவே இருந்தது. வெந்நீர் விட்டுக் கழுவி அந்த ஓட்டைக் காப்பாற்ற முடிந்தது.

நின்றது சைக்கிள் பால்ரஸ் குண்டும் மெழுகும். பின்சக்கரத்தில் போடும் கால் இஞ்ச் குண்டு ஒன்று ஏறக்குறைய சரியாக 1 கிராம். பிள்ளைகளுக்குத் தராசே வேண்டாம், எண்ணிப் போட்டால் எடை. முன்சக்கரக் குண்டு சிறியது, அரை கிராமுக்கும் குறைவு. இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும். சைக்கிள் கடையில் பழைய குண்டு சும்மா கிடைத்தாலும் அதில் கிரீஸ் இருக்கும். கிரீஸ் இருந்தால் மெழுகு பிடிக்காமல் பொம்மை கிலுகிலுப்பை ஆகிவிடும். துணி துவைக்கும் பவுடர் போட்ட வெந்நீரில் இரண்டு முறை அலசி, உடனே துணியில் ஒற்றிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் துரு. புதுக் குண்டு வாங்கிவிடுவதே மேல். மெழுகு, கெபியில் (கோயில் வளாகத்துக் குகை வடிவச் சிற்றாலயம்) எரிந்து வழிந்து கிடந்ததைச் சுரண்டி எடுத்தது. மண்ணும் திரித் துணுக்கும் இருக்கும். உருக்கி வடிகட்டி, ஆறவைத்து, கேரட் துருவியில் துருவிக்கொண்டோம். ஒரு முட்டைக்கு இரண்டு தேக்கரண்டி துருவல், சுமார் 4 கிராம்.

உருக்கிய மெழுகை ஓட்டை வழியாக ஊற்றினால் அது உள் சுவரில் ஒரு பக்கமாக வழிந்து உறைகிறது. பொம்மை நிரந்தரமாகக் கழுத்தைச் சாய்த்து நிற்கும். ஆகவே துருவலையும் குண்டையும் உள்ளே போட்டு, முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டால் அடியில் மெழுகு உருகும், கனம் கீழே இருப்பதால் முட்டை தானே நேராக நிற்கும், அப்படியே ஆறவிடலாம் என்று ஒரு யோசனை. கேட்க அழகான யோசனை. இரண்டு முட்டைகளை விட்டோம். மெழுகு இளகும் வரை நேராக நின்றன. இளகிய மறுகணம் இரண்டும் மெதுவாகப் பக்கவாட்டில் படுத்தன, ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறியது. காரணம் பிறகு புரிந்தது: குண்டுகள் கெட்டியாகப் பிடித்திருந்தால்தான் முட்டை சாயும்போது அவையும் கூடவே சாய்ந்து, திரும்ப இழுக்கும். உருகிய மெழுகில் அவை முட்டை ஓட்டைக் கண்டுகொள்ளாமல் எப்போதும் பள்ளத்துக்கே உருண்டுகொள்கின்றன. முட்டை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவற்றுக்குச் சரிதான்.

எனவே முட்டையை ஏதாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இனிப்புப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியில் 4 செ.மீ. வட்டம் வெட்டினால், முட்டை அதில் உட்கார்ந்து, அடி 13 மி.மீ. அளவு கீழே தொங்கும். அட்டையில் வெட்டினால் ஆவியில் ஊறித் தொய்ந்துவிடும். கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை வெந்நீர், மேலே மூடி, அதன் வட்டத்தில் முட்டை. தண்ணீர் கொதித்து அடுப்பை அணைத்த உடனே ஊற்றியது. இது பெரியவர்கள் வேலை. முன்னும் பக்கவாட்டிலும் ஸ்கேலை நிறுத்தி முட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். 3, 4 நிமிடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் துருவல் மறைந்து மெழுகு கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். தெளியாவிட்டால் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு அரை மணி நேரம் யாரும் மேசையைத் தொடக்கூடாது. 16 பிள்ளைகள் இருக்கும் அறையில் இதுதான் ஆகக் கடினமான கட்டம்.

இரண்டு ஓடுகளில் மெழுகுக் கட்டி மறுநாளே பிட்டுக்கொண்டு உள்ளே உருண்டது. இரண்டும் சவ்வு ஈரம் காயாமல் அவசரத்தில் எடுத்தவை. திரும்பக் காயவைத்து, திரும்ப உருக்கியதும் பிடித்தது.

இறுகியதைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். இப்போது குண்டுகள் அசையாதவை என்பதால் முட்டை, துளைப் பக்கம் மேலாக நேராக மிதக்கும். சாய்ந்து மிதந்தால் கனம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. தம்ளருக்குத் திரும்ப வேண்டியதுதான். வெந்நீரில் படுத்து மானத்தை வாங்கிய முட்டைகளே, உறைந்த பிறகு வாளியில் குத்துக்கல்லாக நின்றன.

எத்தனை குண்டு? 3 போட்டாலும் வெறும் ஓடு எழுந்துவிடுகிறது, ஆனால் சோம்பேறித்தனமாக. காகிதக் கொண்டையும் இறக்கையும் வைத்ததற்கு 5 போதும், 10 இருந்தால்தான் பார்க்கச் சுறுசுறுப்பு. 20 போட்டதில் ஆட்டம் விறைத்துப்போனது, டைல்ஸ் தரையில் விழுந்தால் அடியும் பலம். 10 என்று நிறுத்திக்கொண்டோம். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருக்கும் 3 பேருக்குக் குண்டு கிடையாது, ஓடு உடைந்தால் வாயில் போட்டுக்கொள்ளும். அந்த மூவரின் முட்டைகளுக்கு நன்றாக வறுத்து ஆறிய ஆற்று மணல் ஒன்றேகால் தேக்கரண்டி, மேலே மெழுகு. ஆட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அலங்காரத்தில் ஒரே சட்டம், மேலே எடை ஏற்றக்கூடாது. ஒரு பையன் களிமண்ணில் 4 கிராம் தலை செய்து வைத்தான். 10 குண்டும் போதாமல் பொம்மை படுத்த படுக்கை. தலை வேண்டுமானால் தெர்மோகோல் உருண்டை. முயல் கேட்டவர்களுக்கு சார்ட் பேப்பரில் 6 செ.மீ. காது இரண்டு, அரை கிராம்கூட வராது. ஓட்டையை டிஷ்யூ பேப்பர் இரண்டு அடுக்கு வெள்ளைப் பசையில் ஒட்டி மூடி, அதன் மேல் கொண்டை. மைதாப் பசை மலிவுதான், கரப்பான் தின்னும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல மயில்துத்தம் (நஞ்சு) கலப்பது பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் ஆகாது. கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு: கறுப்பில் மிகச் சிறிய அளவு. பெயிண்ட் காயக் காத்திருக்க வேண்டாம், கோணலாக ஒட்டினால் பெயர்த்து மாற்றலாம்.

இறக்கைக்குக் குருத்தோலை. மந்திரித்த ஓலையில் கை வைக்கக்கூடாது, அது அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கத் திரும்ப வேண்டியது. பவனிக்கு வெட்டி மிஞ்சிக் கிடந்த ஓலையிலிருந்து 3 செ.மீ. துண்டுகள். வெட்டிய அன்றே ஒட்டினால் இரண்டு நாளில் சுருண்டு பசையோடு பிய்ந்துவிடும். பழைய நோட்டுக்குள் வைத்து மேலே கனம் ஏற்றி, காய்ந்து வெளிறிய பின் ஒட்டியவை நின்றன. இரண்டு இறக்கையும் ஒரே எடையாக இல்லாவிட்டால் குஞ்சு ஒருபக்கம் சாயும். கனமான பக்கத்து ஓலையைக் கத்தரியால் நறுக்கிச் சரிசெய்யலாம். பசையும் தண்ணீரும் சமமாகக் கலந்து வெளிப்புறம் முழுக்க இரண்டு பூச்சு கொடுத்தால் பளபளப்பும் கொஞ்சம் உறுதியும் வரும். அடிப்பகுதியில் பூச்சு திரண்டு காய்ந்தால் அந்தத் திட்டில் போய் உட்கார்ந்துகொண்டு பொம்மை ஆட மறுக்கும். அடியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும்.

கணக்கு: முட்டை 195, வினிகர் 40, புதுக் குண்டு 160 எண்ணம் தலா 1 ரூபாய் வீதம் 160, பசை 50, சிரிஞ்சு இரண்டு 20, பொட்டு 20, சார்ட் 10. மொத்தம் 495; தேறிய 19ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 26 ரூபாய். வகுப்பு முடிந்து வாசலைத் தாண்டுமுன் 2 கீழே விழுந்தன, இல்லாவிட்டால் 21. மறுபடி செய்தால் குண்டைப் பெரிய பிள்ளைகளுக்குக்கூடத் தராமல் எல்லாவற்றுக்கும் மணலே. குண்டுச் செலவு 160 மிச்சம். காகிதத்தைப் புனல் போலச் சுருட்டினால் மணல் 5 மி.மீ. ஓட்டையில்கூட இறங்கும். சின்ன ஓட்டை போதும் என்றால் துளையிடும்போது உடைவதும் குறையும். ஆனால் மெழுகுத் துருவல் அந்த ஓட்டையில் போகாது, ஒரு முட்டையில் போட்டுப் பார்த்ததில் அடைத்துக்கொண்டது. திரி உருவிய பிறந்தநாள் மெழுகுவர்த்தியைத் துண்டு துண்டாக நறுக்கி உள்ளே விட்டால் போகிறது.